ஸஃபீனாஸ் என்ன செய்வாள்?

ரமளான் 27, நோன்பு திறந்த பிறகு.

நேற்று செய்த சிறு தவறு: அக்கா ராவியாவின் ஆப்ரிகாட் பானத்தில் சர்க்கரை போட்டுவிட்டேன். பழத்தின் இனிப்பே போதும் என்பவள் அவள். எதை எழுதினாலும் ஒரு தவறிலிருந்து தொடங்கினால் பொய் குறையும் என்று மாலை வகுப்பு ஆசிரியை சொல்லியிருக்கிறார். எனக்கு அது கைவருகிறதா என்று தெரியவில்லை. முயன்று பார்க்கிறேன்.

என் நோய்க்கு ஆளுமைக் கோளாறு என்று பெயர். ஒருவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனால், திரும்பி வருவார் என்று என் உடம்பு நம்பாது. அந்த நேரத்தில், பிடித்த கதாபாத்திரம் ஒன்றை நினைத்து, ‘அவள் இப்போது என்ன செய்வாள்?’ என்று கேட்டுக்கொள்ளும்படி மருத்துவர் சொன்னார். நல்ல யோசனை. பலமுறை என் கையைத் தடுத்திருக்கிறது.

இந்த ரமளானில் நான் தேர்ந்தெடுத்தது, நோன்பு திறந்ததும் வரும் தொடரின் ஸஃபீனாஸை. அவளும் தம்பியின் செருப்பு வாசலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூங்குவாள்.

“அடியே, அவ நடிகைடி,” என்பாள் ராவியா. “பெருநாள் முடிஞ்சா அடுத்த வேஷத்துக்குப் போயிடுவா.”

“நீயும்தான் பெருநாள் முடிஞ்சா போற.”

“கல்யாணம் பண்ணிட்டு போர்ட் சயீத் போறேன், லூஸு. நிலாவுக்கா போறேன்? பஸ் ஏறினா சாயங்காலத்துக்குள்ள கெய்ரோ வந்துடுவேன்.”

சிரித்துக்கொண்டே, தட்டிலிருந்த கதாயிஃப் இனிப்புகளில் பெரியதை எனக்கு எடுத்து வைத்தாள். இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை.

முந்தாநாள் பகுதியில் ஸஃபீனாஸின் தம்பி கப்பலேறக் கிளம்பினான். அவள் அவன் பானத்தில் மாத்திரைகளைக் கரைத்தாள். அவன் தூங்கிப்போனான், கப்பல் போய்விட்டது. அவள் அவன் தலையைக் கோதிக்கொண்டிருக்க, மெல்லிய இசையோடு அன்றைய பகுதி முடிந்தது. என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். அடுத்த பகுதி வரை பொறுத்திருந்திருக்க வேண்டும்.

நேற்று பாங்கு ஒலித்ததும் ராவியா ஒரே மூச்சில் பாதிக் கோப்பையைக் குடித்தாள்.

“என்னடி, சர்க்கரைக் கடையையே கொட்டிட்டியா? நீ கலக்கினதாச்சேன்னு குடிக்கிறேன்.”

மிச்சத்தையும் குடித்தாள். என் தூக்க மாத்திரைகள் முழுவதையும் அதில்தான் கரைத்திருந்தேன். கசப்பு தெரியாமலிருக்கச் சர்க்கரை போட்டேன். ஆகவே மேலே எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். அது தவறில்லை.

அவள் தூக்கம் கலையக் கூடாதென்று நேற்று தொலைக்காட்சியைப் போடவில்லை. தலையைக் கோதிக்கொண்டிருந்தேன்.

விடியுமுன் ஸக்கி மாமா முரசடித்துக்கொண்டு வந்தார். நோன்பு வைப்பவர்களை வீடுவீடாகப் பெயர் சொல்லி எழுப்புபவர் அவர். எங்கள் மாடிக்குக் கீழே நின்றார்.

“எழுந்திரு ராவியா. கல்யாணப் பொண்ணே, சாப்பிட எழுந்திரு.”

“இன்னொரு தடவை கூப்பிடுங்க மாமா,” என்றேன்.

“இப்பவே மாப்பிள்ளை கனவா? சரி சரி, கனவைக் கலைக்கிற பாவம் என் தலையிலயே இருக்கட்டும்.”

மறுபடியும் கூப்பிட்டார். ராவியாவின் கை குளிர்ந்திருந்தது. இன்னொரு போர்வை போர்த்திவிட்டேன்.

நேற்று விட்டுப்போன பகுதியை இன்று மதியம் மறு ஒளிபரப்பில் பார்த்தேன். தம்பியை அடக்கம் செய்கிறார்கள். ஸஃபீனாஸ் கதறுகிறாள். எழுதியவர்களுக்கு அவளைத் தெரியவில்லை. அவள் யாரையும் கொல்கிறவள் அல்ல. போகாமல் இருந்தால் போதும் அவளுக்கு.

மாலையில் மாப்பிள்ளை போன் செய்தார். அக்கா தூங்குகிறாள் என்றேன்.

நாளைய வேலை: ஸக்கி மாமா வந்ததும், தெருவில் நிற்காமல் மாடிக்கே ஏறி வந்து, ராவியாவின் காதருகே முரசடிக்கச் சொல்ல வேண்டும்.