பேத்தமங்களா கெண்டை

உயிருள்ள கெண்டைமீனை மாட்டுவண்டியில் கொண்டுவருவது லேசான காரியமல்ல, ஐயா. பானையில் தண்ணீர் அளவாக இருக்க வேண்டும். தளும்ப நிரப்பினால் வழியில் மீன் துள்ளி விழும், குறைந்தால் செத்துப்போகும். வாயை ஈரத்துணியால் கட்டி, வெயில் ஏறுவதற்குள் வந்துவிட வேண்டும். இதெல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது. தங்கச்சுரங்கத்து மேஸ்திரிக்கு மீன் வேலை யார் சொல்லித்தருவார்கள்?

என் பெயர் இருசப்பன். இந்த லைன் வீடுகளில் இருக்கும் கூலி ஜனம் எல்லாம் குடியாத்தம் பக்கத்திலிருந்து நான் கூட்டிவந்தவர்கள்தான். பஞ்சத்தில் காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றவர்களுக்கு இங்கே சோறு கிடைத்தது. அதை மறந்துவிட்டு இப்போது என் பெயரைச் சொன்னாலே காறித் துப்புகிறார்களாம். போகட்டும்.

போன ஐப்பசி மழையில், ஆலைக் கழிவைத் தேக்கி வைக்கும் பள்ளம் நிரம்பிவிட்டது. பொன் பிரித்தெடுத்த கல்லின் சேறு அது. அதில் பாஷாணம் இருக்கிறது, ஆடுமாடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள் என்று துரை முன்பே எச்சரித்திருந்தார். கரை எப்படியும் உடைந்திருக்கும். ஒரு பக்கம் துரை பங்களாவின் ரோஜாத் தோட்டம். மறுபக்கம் லைன் ஜனங்கள் குடிக்கிற குளம். நான் குளத்துப் பக்கம் வெட்டிவிட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நல்ல மேஸ்திரிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் குளத்து மீனெல்லாம் வயிறு தெரிய மிதந்தது. பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பிவிட்டார்கள். தண்ணீர் கெட்டது என்று பேச்சு கிளம்பினால் ஜனம் மூட்டை கட்டிவிடும். ஊருக்குப் போய் என்ன தின்பார்கள்? அவர்கள் நன்மைக்காகத்தான் செத்த மீனை அள்ளிப் புதைத்துவிட்டு, பேத்தமங்களா ஏரியிலிருந்து கெண்டை கொண்டுவந்து விட்டேன். குளம் தெளிந்துவிட்டது என்று சொன்னேன். சாயங்காலத்துக்குள் அவையும் சாகும். அள்ளிவிட்டு மறுபடி விடுவேன்.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கிற இந்தப் புகாரை என்மேல் கொடுத்த கங்கம்மா கொஞ்சம் சந்தேகக்காரி. புருஷன் சுரங்கத்தில் பாறை விழுந்து போய்விட்டான். மகள் அஞ்சலைதான் அவளுக்கு எல்லாம்.

“இன்னா மேஸ்திரி, இந்தத் தண்ணிய புள்ளைக்குக் குடுக்கலாமா?” என்று கேட்டாள்.

“மீனு எப்டி துள்ளுது பாரு. அதுக்கு ஆவுறது உன் பொண்ணுக்கு ஆவாதா?”

சிரித்துக்கொண்டே குடத்தை முக்கினாள். அவள் சிரித்தது எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு வாந்திபேதி வந்தது. எல்லாரும் காலரா என்றார்கள், நானும் மறுக்கவில்லை. மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தால் அடங்கும் என்று பேசிக்கொண்டார்கள். கேழ்வரகு முழுவதும் நான்தான் கொடுத்தேன். குளத்துத் தண்ணீரில் பெரிய அண்டாவில் காய்ச்சினார்கள். பிள்ளைகள் மறுபடி மறுபடி வந்து கையேந்திக் குடித்தன. எனக்கும் ஒரு சொம்பு நீட்டினார்கள். அன்று விரதம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் விடியலில் கங்கம்மா அஞ்சலையைத் தோளில் போட்டுக்கொண்டு குளக்கரைக்கு வந்தாள். நான் வண்டியிலிருந்து பானையை இறக்கிக்கொண்டிருந்தேன். பானைக்குள் பார்த்தாள். குளத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் கத்தவில்லை.

“அது எந்த ஊரு தண்ணி, மேஸ்திரி?”

“பேத்தமங்களா.”

“புள்ளைக்கு நாக்கு வறண்டு பூடுச்சு. அதுல ஒரு வாய் குடு.”

அஞ்சலை பானையைப் பார்த்துக் கையை நீட்டியது. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. கல்நெஞ்சக்காரன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. அன்று மத்தியானம் அந்தப் பிள்ளையைப் புதைக்க நானும் கூடப் போனேன்.

தண்ணீர் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை, ஐயா. ஆனால் பானையில் இருந்ததே அளவான தண்ணீர். அதிலும் ஒரு வாய் எடுத்திருந்தால் மீன் செத்துப்போயிருக்கும்.