எண்ணெயா, திமிரா?

"பூமிக்கடியில எண்ணெய் இல்லாட்டி, எந்த நாடும் இன்னொரு நாட்டோட சண்டை போடாது மச்சான்."

கண்டியிலிருந்து மடுல்கெல்ல போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர் சொன்னார். பக்கத்தில் அவர் மனைவி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வரிசையில் மனைவியின் அண்ணன்.

"எண்ணெயாவது ஒண்ணாவது! எல்லாம் தலைவனுங்க திமிரு," என்றார் அண்ணன். "எண்ணெய் தோண்டாத காலத்துல ராஜாக்க அடிச்சுக்கலையா?"

"அது நிலத்துக்கு."

"அப்ப ஆயுதம் விக்கிறவன்?"

"ரெண்டு பேரும் வாய மூடுறீங்களா?" அந்த அம்மா வெடித்தார். "பிள்ள குவைத்துல மாட்டிக்கிட்டிருக்கா. நேத்துலேர்ந்து போன் இல்ல. பிளேன் எப்ப ஓடும்னு கேக்கத்தானே அவள வேலைக்கு அனுப்புன ஏஜென்சிக்குப் போனோம்? அங்கயும் இதே பேச்சு!"

"காரணம் தெரிஞ்சாத்தானே எப்ப முடியும்னு தெரியும்," என்றார் கணவர்.

வத்தேகம தாண்டியதும் போன் அடித்தது. இருவரும் அடங்கினார்கள்.

"சாப்பிட்டியாம்மா? நீ இருக்கிற பக்கம் ஒண்ணும் விழலையே? பிளேன் இன்னும் இல்லையா? சரிம்மா, நீ பத்திரமா இருந்தா போதும்."

அந்த அம்மா கண்ணைத் துடைப்பதற்குள் கணவர் குனிந்து, "யாரு ஆரம்பிச்சதாம்? அங்க என்ன பேசிக்கிறாங்கன்னு கேளு," என்றார். அண்ணனும் காதை நீட்டினார்.

அந்த அம்மா போனைக் கணவர் கையில் திணித்தார். "நீங்களே கேளுங்க."

அவர் போனைக் காதில் வைத்தார்.

"பாப்பா," என்றார். "சாப்பிட்டியா?"