மாத்திரையோடு கொடுத்த பால்

என் கணவர் டூர்லெய்ஃபுக்கு இளஞ்சூட்டில் பால் குடிக்கப் பிடிக்கும், தம்பி. நீங்கள் கேட்க வந்ததும் அதைத்தான்.

நாற்பத்தோரு வருஷம் அவர் மீன்பிடிப் படகுக்காரர். ஜனவரியில் காட் மீன் லோஃபோடன் தீவுகள் பக்கம் வந்துவிட்டால் ஏப்ரல் வரை எனக்கு ஜன்னல்தான் துணை. எங்கள் ஒரே மகளைப் புதைத்த அன்றும் அவர் கடலில் இருந்தார்.

போன இலையுதிர்காலத்தில் அவர் வயிற்றின் பெரிய ரத்தக்குழாயில் கிருமி புகுந்து, குழாய் பலூன் போல வீங்கியது. வயிற்றைத் திறந்தால் தாங்கமாட்டார் என்று, தொடை வழியாக ஸ்டென்ட் என்ற வலைக்குழல் ஒன்றை உள்ளே வைத்தார்கள். ரத்தக்குழாய் வெடிக்காமல் அது காக்கும். கிருமியைக் கொல்ல மாத்திரைதான். பாலோடு கொடுத்தால் மருந்து உடம்பில் ஏறாது என்று நர்ஸ் சுன்னிவா எழுதியே கொடுத்திருந்தாள்.

முதன்முறையாகக் குளிர்காலத்தில் என் சமையலறையில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"பாதிக் கிழங்கு தோலோட போகுது, கிழவி. உன்னை என் படகுல சமையலுக்குச் சேர்க்கமாட்டேன்."

"நாப்பது வருஷமா சேர்க்கலையே, இப்ப என்ன புதுசா?"

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் கழித்து சுன்னிவா வந்து, "ரத்தத்துல கிருமி நல்லா அடங்கிடுச்சு. இப்படியே போனா பிப்ரவரியில படகேறிடலாம்" என்றாள். அவள் வாசலைத் தாண்டுமுன் இவர் பூட்ஸை எடுத்து எண்ணெய் தடவ ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து மாத்திரையோடு பால் கொடுத்தேன். ஒரு வேளையும் தவறவில்லை, டப்பாவை எண்ணிப் பாருங்கள். அவர் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. லேசாகக் காய்ச்சல் இருந்தால் வீட்டோடு இருப்பார், அவ்வளவுதான். காய்ச்சல் எவ்வளவு என்று சுன்னிவா போனில் கேட்கும்போதெல்லாம் முப்பத்தேழு டிகிரிதான், காய்ச்சலே இல்லை என்றேன்.

மூன்றாவது வாரம் அவர் உடம்பு நடுங்கியது.

"ஏன் இப்படிக் குளிருது, குன்வோர்? ஆஸ்பத்திரிக்குப் போன் போடேன்."

"பாலைக் குடி. சரியாயிடும்."

என் கையைப் பிடித்துக்கொண்டே குடித்தார். "நீ இல்லேன்னா நான் என்ன ஆவேன்" என்றார்.

மறுநாள் காலை ஸ்டென்டைச் சுற்றியிருந்த ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது.

ஆமாம், கொன்றது நான்தான். உங்கள் போலீஸ் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவரை என்னைப்போல் யாரும் கவனித்திருக்க முடியாது, அதையும் எழுதுங்கள். கல்லறைக்குக்கூட நானே நடந்துபோய் இடம் பார்த்தேன். தேவாலயத்துக்குப் பின்னால், மேட்டுக்கு அந்தப் பக்கம். பக்கத்து இடம் எனக்கு.

அங்கிருந்து கடல் தெரியாது.