சூரியனுக்கு மாற்றிய கண்ணாடி

கமரா லென்ஸில் இறுகிப்போன பில்டரைக் கழற்றப் பலம் தேவையில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பலமாகப் பிடித்தால் மெல்லிய வளையம் நசிந்து இன்னும் இறுகும். ஒரு ரப்பர் பட்டியைச் சுற்றிப் போட்டு, உள்ளங்கையை விரித்து வைத்து, மெதுவாகத் திருப்ப வேண்டும். வேலணையில் முப்பது வருடம் கமரா திருத்தியவன் நான். உப்புக் காற்றில் திருகு மரை இறுகிய லென்ஸ்கள் எத்தனையோ என் கையில் கழன்றிருக்கின்றன.

அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திவிடுங்கள். மகள் மேனுகா பக்கத்து அறையில் இருக்கிறாள். இப்போது அவளுக்குக் காது மிகவும் கூர்மை.

சுஜிதன் எழுதிய முறைப்பாடு உண்மைதான். அவன் இறுப்பிட்டிப் பிள்ளை, கலியாண வீடுகளுக்குப் படம் எடுப்பவன். மேனுகா விரும்பினாள், நானும் மறுக்கவில்லை. தை மாதம் கலியாணம் என்று முடிவாகியது. அதன் பிறகுதான் இருவரும் கனடா போகப்போவதாகச் சொன்னார்கள். அங்கே அவனுடைய சித்தப்பாவின் ஸ்ரூடியோவில் அவனுக்கு வேலை காத்திருந்தது.

என் மனைவி செத்து ஆறு வருடம். மகன் துஷ்யந்தன் டென்மார்க்கில் இருக்கிறான். இரண்டு வருடத்தில் வருகிறேன் என்று சொல்லிப் போனவன், பதினான்கு வருடமாக வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மேனுகாவின் கையைப் பிடித்துக் கேட்டேன்.

"என்னை விட்டிட்டுப் போகாதை பிள்ளை. என்னாலை தனிய இருக்க ஏலாது."

"ரெண்டு வருசத்திலை உங்களையும் கூப்பிடுவன் அப்பா," என்றாள்.

அதே இரண்டு வருடம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பெட்டி அடுக்குவதைக் காணும்போதெல்லாம் கிணற்றடிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.

மார்கழியில் சூரிய கிரகணம் வந்தது. சூரியன் நெருப்பு வளையமாகத் தெரியும் என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்கு முதல் நாள் சுஜிதன் தன் பெரிய லென்ஸைக் கொண்டுவந்தான். அதன் முன்னால் பழைய பில்டர் ஒன்று இறுகிக் கிடந்தது. அதைக் கழற்றினால்தான் கிரகணத்துக்கென்று வாங்கிய சூரிய பில்டரைப் பூட்டலாம்.

"மாமா, இது உங்களாலைதான் ஏலும்."

"ஓம், ரெண்டையும் வைச்சிட்டுப் போம். பூட்டியே தாறன்."

பழையது இரண்டாம் திருப்பிலேயே கழன்றது. பிறகு சூரிய பில்டரின் கண்ணாடியை எடுத்துவிட்டு, அதே வளையத்துக்குள் வேறொரு கண்ணாடியை வைத்தேன். கடல் அலையைப் புகைபோலப் படம் எடுப்பதற்குப் போடுகிற கறுத்தக் கண்ணாடி அது. வெளிச்சத்தைக் குறைக்கும், கண்ணைச் சுடுகிற கதிர்களை மறிக்காது. மரையில் ஒரு துளி பசை விட்டு லென்ஸில் பூட்டினேன், அவன் கழற்றிப் பார்த்துவிடாதபடி.

யோசிக்காமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். படம் எடுப்பவன் ஒற்றைக் கண்ணால்தான் பார்ப்பான். மற்றக் கண் மிஞ்சும். கனடா வேலை மட்டும்தான் போகும். அது அளவான காரியமென்றே எனக்குப் பட்டது.

மண்கும்பான் கடற்கரையில் காலையிலேயே சனம் கூடிவிட்டது. சுஜிதன் கமராவை நிறுத்தி, இடக்கண்ணை மூடிக்கொண்டு அதன் பார்வைத் துளையில் வலக்கண்ணை வைத்தான்.

"மாமா, கொஞ்சம் கூசுது."

"பழகீடும். விடாமல் பாரும்."

விழித்திரைக்கு வலி தெரியாது. அவன் நெடுநேரம் பார்த்தான். ஒன்பதரை தாண்டி வளையம் முழுதாகத் தெரிந்தபோது, "மேனுகா, கெதியா வாரும்," என்று கூப்பிட்டான்.

அவள் என்னை உரசிக்கொண்டுதான் ஓடினாள். தடுப்பதற்கு ஒரு சொல் போதும். ஆனால் ஏன் என்று இருவரும் கேட்டிருப்பார்கள். அவளுக்கு ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாது. சிரித்தபடி ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். பிறகு மற்றதைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். இவளுக்கும் பார்வை கொஞ்சம் மங்கினால் எங்கும் போகமாட்டாள் என்று ஒரு எண்ணம் எனக்குள் வந்தது. வந்ததை மறைக்கமாட்டேன். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் விடிய நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்க, அவள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, சுத்திவர எல்லாம் தெரியுது. உங்கடை முகம் மட்டும் தெரியேல்லை."

விழித்திரை எரிந்துவிட்டது என்றார் டாக்டர். சுஜிதனுக்கு ஒரு கண், அவளுக்கு இரண்டும். தான் பிழையான பில்டரை வாங்கியதால் வந்த வினை என்று அவன் என் காலைப் பிடித்து அழுதான். நான் அவனைத் தூக்கி நிறுத்தி ஆறுதல் சொன்னேன். அவனுக்குப் பாரமாக இருக்கமாட்டேன் என்று மேனுகா கலியாணம் வேண்டாமென்றாள். அவன் தனியே கனடா போனான். அங்கே யாரோ அந்த பில்டர் வளையத்தை வெட்டிக் கழற்றி, கண்ணாடி மாற்றப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் செய்தேன். ஆனால் ஒன்று, ஐயா. காலையில் அவள் தேநீர் கொண்டுவந்து வைக்கும்போது கோப்பை மேசை விளிம்பைத் தாண்டிப் போகும், நான் பிடித்துக்கொள்வேன். படி இறங்கும்போது கை கொடுப்பேன். நீங்கள் என்னைக் கொண்டுபோனால் அவளை யார் பார்ப்பது? பாவம், என் பிள்ளைக்கு என்னை விட்டால் ஒருவருமில்லை.