முதல் வேளை மருந்து

தென்காசியில் சாரல் பெய்துகொண்டிருந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து ஜன்னல் வரிசையில் எனக்கு முன்னால் காலிப் பாட்டிலோடு நின்றவள், கூட வந்த ஊர்க்காரியிடம் சொன்னாள்:

"எனக்கு ஒரு கேடும் இல்லக்கா. நாலு நாளா வெளிக்குப் போகாம கெடக்கது எங்க வீட்டுக்காரருதான்."

"ஏட்டி, ஆளு வராம மருந்து குடுக்க மாட்டாங்களே?"

"அதான் அவரு நோக்காட்ட எனக்குன்னு சொல்லி சீட்டு வாங்கிட்டேன். டாக்டர்ட்ட சொல்ல அவருக்கு வெக்கமாம். குத்தாலத்துல ரெண்டு குளி குளிச்சா எளகிரும்ங்காரு."

அவள் முறை வந்தது. கம்பவுண்டர் சீட்டைப் பார்த்துவிட்டுப் பாட்டிலில் பேதி மருந்தை ஊற்றினார். ஒரு கண்ணாடி டம்ளரிலும் கொஞ்சம் ஊற்றி நீட்டினார்.

"முதல் வேளைய இங்கனயே குடிக்கணும். வீட்டுக்குக் கொண்டுபோனா சாக்கடையில ஊத்திருதீங்க."

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசை முனகியது. கண்ணை மூடிக் குடித்தாள்.

"இது எப்ப சார் வேலை செய்யும்?"

"ஊரு எது?"

"அச்சன்புதூரு."

"பாதி வழியில."

அவள் பாட்டிலை ஊர்க்காரியின் கையில் கொடுத்தாள்.

"நீங்க பஸ்ஸுல போயி இத அவருட்ட குடுங்கக்கா. நான் காட்டு வழியா நடந்தே வாரேன்."