அஞ்சு மணிக்குள்ள

— மறுபடியும் கேக்கிறேன்ப்பா. காலேஜ் லிஸ்ட்டை யார் மாத்தினது?

— நான்தான்னு சொல்றேன்ல? எத்தனை தடவை கேப்ப? போலீஸ்காரன் தோத்தான் போ.

— கால்நடை மருத்துவத்தை முதல்ல போட்டு வெச்சிருந்தேன். இப்போ அது ஏழாவதா கிடக்கு. பக்கத்துத் தெரு காலேஜ்ல கம்ப்யூட்டர் படிப்பு மேல ஏறி உக்காந்திருக்கு.

— பாரு குட்டி, நீ போட்ட காலேஜுக்கு ரயில்ல பத்து மணி நேரம். பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பிட்டு...

— இது அம்மா பேச்சு.

— ஏன், எனக்கு வாய் இல்லையா?

— இருக்கா? சரி, பாஸ்வேர்டு என்ன, சொல்லுங்க.

— அதையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கிற ஆளா இருந்தா நான் ஏன் ஊர்த் துணிய தேய்ச்சிட்டு இருக்கேன்?

— அப்பா, காலர் தீயுது!

— ஐயையோ! வாத்தியார் சட்டைடி இது. நாளைக்கு என்னை பெஞ்சு மேல ஏத்திடுவாரு. எல்லாம் உன்னாலதான்.

— பேச்சை மாத்தாதீங்க. அம்மா செஞ்சதை நீங்க ஏன் உங்க தலையில போட்டுக்கிறீங்க?

— ...அவ மேல கோவம்னா நீ மாசக்கணக்குல பேசமாட்ட. என் மேலன்னா ரெண்டு நாள்ல சிரிச்சிடுவ. அதான். அவளும் கெட்டதா நினைக்கல குட்டி. உன்னை விட்டுட்டு இருக்கப் பயம்.

— உங்களுக்கு?

— எனக்கென்ன! நாளைக்கு நீ ஊசி போட வந்தா எந்த மாடாவது வேணாம்னு சொல்லுமா?

— விளையாடாதீங்கப்பா. அஞ்சு மணிக்கு லிஸ்ட்டை மூடிடுவாங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது.

— நீயே பழையபடி மாத்திடேன். நான் பாக்கவே இல்லைன்னு இருந்துக்கிறேன்.

— மாத்த ரெண்டு நிமிஷம் போதும். அதுக்கப்புறம் இந்த வீட்டுல எனக்காகப் பேச ஒரு ஆள் வேணாமா?

— என்ன இப்படிக் கேட்டுட்ட? நான் எப்பவும் உன் பக்கம்தான். அவ மாத்துறது எனக்கு மட்டும் அப்பவே தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா?

— தெரியும்ப்பா உங்களுக்கு. இதே இடத்துல குனிஞ்சு தேய்ச்சிட்டு இருந்தீங்க. ஓடிபி என் போனுக்குத்தான் வந்துது. எதுக்குன்னு எனக்குத் தெரியும். அம்மா முகத்தைப் பார்த்து மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இதோ, இந்த மேசைக்கு அந்தப் பக்கம் நின்னு நான்தான் அம்மாவுக்குப் படிச்சுச் சொன்னேன். ஆறே ஆறு நம்பர். நீங்களாவது வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு மூணு தடவை படிச்சேன்.