திரும்பி வரத் தெரிந்த டிராலி

"இந்த ரெண்டுல எது உங்கப்பாவத் திருப்பிக் கூட்டிட்டு வரும்?"

கிள்ளானில் ஏறிய கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளின் கைபேசியில் இரண்டு கோல்ஃப் டிராலிகளின் படம். மட்டைப் பையைச் சுமந்துகொண்டு பேட்டரியில் தானே உருளும் வகை.

"இதுல ஜிபிஎஸ் இருக்கும்மா. குழி எத்தன மீட்டர் தூரத்துல இருக்குன்னு ஸ்கிரீன்ல காட்டும்."

"குழி எங்கன்னு அவருக்கு நல்லாத் தெரியுது. திரும்ப கிளப்புக்கு வரத்தான் தெரியல. போன மாசம் ஹைவே ஓரமா நின்னவர ஒரு லோரிக்காரர்தானே கொண்டாந்து விட்டாரு."

"அப்ப வெளையாட வேணாம்னு சொல்லிருவோமா?"

"அது ஒண்ணுதான் இன்னும் மறக்காம இருக்கு. அதயும் புடுங்கச் சொல்றியா?"

ஷா ஆலமில் சிலர் இறங்கினார்கள். மகள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினாள்.

"இது கொஞ்சம் வெல கூட. ஆனா வண்டி எங்க நிக்குதுன்னு நம்ம போன்லயே பாக்கலாம்."

"வண்டி எங்கன்னு தெரியும். அவரு எங்கன்னு?"

"வண்டி கூடத்தானம்மா இருப்பாரு. அப்பா எத மறந்தாலும் அந்த பேக்க மட்டும் விட்டுட்டு வரமாட்டாரு."

தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமாலா, பேக்க விடமாட்டாரு. முந்தாநேத்து காப்பார் பாசார்ல காய் வாங்கிட்டிருந்த என்னத்தான் விட்டுட்டு வந்துட்டாரு."